மருதமலைப் படியில் மூச்சு வாங்குது, ஆக்சிமீட்டரில் 97 காட்டுது. ஏன்?

வடவள்ளிக்காரன் | ஞாயிறு, காலை 10:40

வணக்கமுங்க. வயது 46, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாலு மாதமாக ஞாயிறு தவறாமல் மருதமலைக்குப் படியில் ஏறி வருகிறேன். வண்டிப் பாதையில் போவதில்லை.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதை எடுத்துப் போனேன். அடிவாரத்தில் 98. பாதி வழியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி உட்கார்ந்து விரலை மாட்டினால் 97. நாடி 148. மேலே போய்ச் சேர்ந்ததும் மறுபடி 97.

எனக்கு மூன்று விஷயம் பிடிபடவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவே இல்லை என்றால் எதற்காக இப்படி மூச்சு வாங்குகிறது? இரண்டாவது, ஏறத் தொடங்கிய நாலைந்து படியிலேயே மூச்சின் வேகம் மாறிவிடுகிறது. அதற்குள் கால் என்ன பெரிதாக உழைத்துவிட்டது? மூன்றாவது, உட்கார்ந்த பிறகும் ஐந்து நிமிடம் இளைக்கிறதே, அது ஏன்?

கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு 69. இந்தத் தைப்பூசத்துக்குச் சென்னிமலையில் 1,320 படியும் நடந்தே ஏறணும் என்று பிடிவாதமாக இருக்கிறார். "உங்களுக்கு மூச்சு வாங்குதும்மா, பஸ்ஸில் போயிக்கலாம்" என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். மூச்சு வாங்குவது என்றால் என்னவென்று தெரியாமலே தடுக்கிறேனோ என்று இன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

களத்துமேடு | ஞாயிறு, காலை 11:25

தம்பி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. உழைக்கிற தசைக்கு ஆக்சிஜன் பத்தவில்லை, அதனால் மூச்சு வாங்குது. பள்ளிக்கூடத்துப் பாடம்தான். விரலில் மாட்டுகிற மிஷினை அப்படியே நம்பாதீங்க, கை ஆடினாலே தப்பாகக் காட்டும். கோபிப் பக்கம் இருபது வருஷமாகக் கபடிப் பசங்களைப் பழக்குகிறேன். மூச்சு இருக்கிறவன்தான் கடைசிவரை நிற்பான்.

பழைய வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2:10

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் வேலைக்காலம் முழுக்க மாணவர்களிடம் மிக ஆசையாகப் பேசியது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிஷின் விஷயம். கை ஆடினால் தப்பாகக் காட்டும் என்று களத்துமேடு சொல்வது சரி. ஆனால் இவர் உட்கார்ந்து, கையை அசைக்காமல்தானே பார்த்திருக்கிறார். தமனியில் ஊசி போட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தாலும் இதே கதைதான். நல்ல உடல்நிலையில் இருக்கிற ஒருவர் மிதமாக உழைக்கும்போது தமனி இரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஏறக்குறைய ஓய்வில் இருந்த அளவிலேயே நிற்கின்றன. கரியமில வாயுவின் அழுத்தம் ஓய்வில் 40 மி.மீ. பாதரசம் என்றால் படியேறும்போதும் 40-ஐ ஒட்டியே இருக்கும். கடுமையாக உழைத்தால் இன்னும் கீழே இறங்கும்.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 15 மூச்சு, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் காற்று. மொத்தம் 6, 7 லிட்டர். கடுமையாக ஓடும்போது 40, 50 மூச்சு, ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டருக்கு மேல். மொத்தம் 100 லிட்டரைத் தாண்டும். ஆக்சிஜன் செலவு பத்து மடங்கு கூடினால் காற்றும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுகிறது. இரத்தத்தில் ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை என்றால் இவ்வளவு கச்சிதமாகக் கூட்டச் சொன்னது யார்? நூறு வருஷத்துக்கு மேலாக இதற்காக ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூச்சின் தாளம் பிறக்கும் இடம் மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம். அங்கே ஒரு சிறு நரம்புக் கூட்டம் நாம் தூங்கும்போதும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கரியமில வாயுவால் வரும் அமிலத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவில், இன்னொரு காவல் உறுப்பு. ஆக்சிஜன் குறைந்தால் அதுதான் எழுப்பும். பெல்ஜியம் நாட்டு ஹேமான்ஸ் இதைக் கண்டு சொன்னதற்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜனின் அழுத்தம் 60 மி.மீ.-ஐ நெருங்கிக் கீழே இறங்கினால்தான் அது பலமாகக் கத்தும். மருதமலைப் படியில் உங்களுக்கு அந்த அழுத்தம் 90-க்கு மேல்தான் இருந்திருக்கும்.

ஓய்வில் மூச்சை ஆள்வது பெரும்பாலும் கரியமில வாயுதான் என்று 1905-ல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள். உழைக்கும்போதும் அதுவே ஆளும் என்று எதிர்பார்த்தால், 40 கூடாமலே மூச்சு பத்து மடங்காகிவிடுகிறது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1913-ல் டென்மார்க்கில் குரோவும் லிண்ட்ஹார்டும் அருமையான ஒரு பதிலைத் தொட்டார்கள். வேலை தொடங்கிய முதல் மூச்சிலேயே காற்றின் அளவு குதிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். காலில் இருந்து இரத்தம் நெஞ்சுக்கும் மூளைக்கும் வந்து சேரச் சில வினாடிகளாவது ஆகும். ஆகவே அந்தக் குதிப்பை இரத்தம் சொல்லி நடத்தியிருக்க முடியாது. "ஏறு" என்று காலுக்கு மூளை உத்தரவு போடும்போதே மூச்சு மையத்துக்கும் சொல்லிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

பனியன் கம்பெனி | ஞாயிறு, மாலை 4:02

ஐயா, இதை நான் எங்கள் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். ஆர்டர் உறுதியானதும் கட்டிங்குக்குச் சொல்கிறபோதே பேக்கிங்குக்கும் ஒரு காப்பி போய்விடும். துணி வந்து குவிந்த பிறகு அட்டைப்பெட்டி தேடினால் கப்பலை விட்டுவிடுவோம். சரிதானுங்களா?

பழைய வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:30

மிகச் சரி. அந்தக் காப்பி இருக்கிறது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 1981-ல் எல்ட்ரிட்ஜும் கூட இருந்தவர்களும் பூனைகளில் மூளையின் அடிப்பக்கம் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியைத் தூண்டினார்கள். நடையும் மூச்சும் சேர்ந்தே கூடின. தசைகள் அசையாதபடி மருந்து கொடுத்துவிட்டுத் தூண்டியபோதும் மூச்சுக்கான நரம்பு வேகமெடுத்தது. கால் அசையவே இல்லை, அமிலம் சுரக்கவே இல்லை, ஆனாலும் மூச்சு தயார்.

பிசியோ திருச்செங்கோடு | ஞாயிறு, இரவு 8:15

வாத்தியார் ஐயா மேலிருந்து கீழே வருகிற சேதியைச் சொன்னார். கீழிருந்து மேலே போவதும் உண்டு. படுக்கையில் இருப்பவரின் காலை நாங்கள் பிடித்து மடக்கி நீட்டும்போது, அவர் துளியும் முயற்சி செய்யாவிட்டாலும் மூச்சு சற்றே கூடும். இதை எங்கள் வேலையில் கண்ணால் பார்க்கலாம். தசைக்குள் மெல்லிய நரம்பு இழைகள் இருக்கின்றன. இழுவை, அழுத்தம், சேர்கிற கழிவு எல்லாவற்றையும் அவை தண்டுவடம் வழியாக மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு முதுகில் ஊசி வழியாக மருந்து கொடுத்து, காலில் இருந்து போகிற அந்தச் சேதியை மட்டும் அடக்கிப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வந்த ஆய்வு. மிதிக்கிற வேலை அதேதான், ஆனால் மூச்சு குறைந்து கரியமில வாயு ஏறிவிட்டது. ஆக, கால் சொல்வதைக் கேட்டுத்தான் மூச்சு தன் அளவைச் சரிபார்க்கிறது.

களத்துமேடு | திங்கள், காலை 6:50

சரிங்க, ஆக்சிஜன் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கபடியில் மூச்சு விடாமல் பாடிப் போகிறவன் திரும்பி வரும்போது கண் பிதுங்குதே, அங்கே குறைவது எது? எங்கள் காலத்தில் ஒரே மூச்சில் நாற்பது, ஐம்பது தடவை "கபடி" சொல்வோம். அந்தத் தம்மை வளர்க்கத்தான் பசங்களைக் கிணற்றில் முங்கச் சொல்கிறேன். முங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்து, இருபது தடவை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் உள்ளே இருக்கலாம். நானே அப்படித்தான் பழகினேன்.

பழைய வாத்தியார் | திங்கள், காலை 7:20

களத்துமேடு, உங்கள் அனுபவத்துக்கு முழு மரியாதை கொடுத்தே கேட்கிறேன். அந்தக் கிணற்றுப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்துங்கள். தயவுசெய்து.

பாடிப் போகிறவனைத் திணறடிப்பது முக்கியமாகக் கரியமில வாயு. மூச்சைப் பிடித்திருக்கும்போது அது ஏறி 50-ஐ நெருங்கினால் "விட்டு இழு" என்று முகுளம் கட்டளை போடும். நாம் என்ன தம் கட்டினாலும் அதற்கு மேல் தாங்காது. அந்தத் திணறல்தான் உயிர்க்காவல்.

வேகவேகமாக இழுத்து விட்டால் என்ன ஆகிறது? இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கனவே 97, 98 சதம் நிரம்பியிருக்கிறது, அதில் கூடுதலாக ஏற்ற இடமே இல்லை. குறைவது கரியமில வாயு மட்டும். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு முங்குகிற மாதிரி. உள்ளே நீந்தும்போது ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும், ஆனால் கரியமில வாயு ஏறி எச்சரிக்க நேரம் பிடிக்கும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். கை கால் அடிக்கக்கூட மாட்டான், மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. நன்றாக நீச்சல் தெரிந்த பையன்களே இப்படிப் போயிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் உங்களுக்குத் தெரியாததல்ல.

களத்துமேடு | திங்கள், காலை 7:55

படித்ததும் கை நடுங்கிவிட்டதுங்க. மூன்று வருஷம் முன்னால் ஒரு பையன் முங்கி, வர நேரமாகி, நாங்கள் இரண்டு பேர் குதித்துத் தூக்கினோம். தண்ணீர் குடித்துவிட்டான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பிழைத்துக்கொண்டான். இன்று சாயந்திரம் பசங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுப் பழக்கம் இனி கிடையாது.

கும்மி அக்கா | திங்கள், மதியம் 1:35

நான் காங்கேயம் பக்கத்தில் வள்ளிகும்மி பழக்குகிறேன். ஆட்டமும் உண்டு, பாட்டும் உண்டு. ஆடிக்கொண்டே பாடுவது எத்தனை கஷ்டம் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. புதுப் பிள்ளைகள் இரண்டாம் பாட்டுக்குள் வரியை விழுங்கிவிடுவார்கள். ஆறு மாதம் பழகியவர்கள் வரி முடிகிற இடத்தில், காலடி விழுகிறபோதே மூச்சை வாங்கிக்கொள்வார்கள். நான் அதைச் சொல்லித் தருவதில்லை, அதுவாகவே வந்துவிடுகிறது. இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் சம்பந்தம் உண்டுங்களா?

பழைய வாத்தியார் | திங்கள், மாலை 5:10

அக்கா, நிறையவே உண்டு. குதிரை பாய்ச்சலில் ஓடும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, தவறாது. மனிதன் இரண்டு காலில் நிற்பதால் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு, நாலு அடிக்கு ஒரு மூச்சு என்று மாற்றிக்கொள்ளலாம். பழகிய ஓட்டக்காரர்களிடம் காலடியும் மூச்சும் தாமாகவே பூட்டிக்கொள்வதை 1983-ல் அளந்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. எந்த வேகத்தில் வரியை முழுதாகப் பாட முடியாமல் உடைகிறதோ, அந்த இடம் உடம்புக்குள்ளும் ஒரு திருப்பம். அதுவரை வேலையும் மூச்சும் சேர்ந்தே ஏறும். அதற்கு மேல் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கத் தொடங்கும். இரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தணிக்கும்போது கூடுதலாகக் கரியமில வாயு பிறக்கிறது. அதையும் வெளியேற்ற வேண்டும், அமிலத்தையும் ஈடுகட்ட வேண்டும், அதனால் வேலையைவிட மூச்சு வேகமாக ஏறுகிறது. வடவள்ளிக்காரர் "மேல்மூச்சு கீழ்மூச்சு" என்றது பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிய இடம். அவர் நாடி 148 என்பதும் அதையே சொல்கிறது.

மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உட்கார்ந்த மறுநொடி மூச்சு சட்டென்று ஒரு படி இறங்கும், கவனித்துப் பாருங்கள். மேலிருந்து போன உத்தரவும் காலின் சேதியும் நின்றுவிட்டதன் அடையாளம் அது. மிச்சம் மெதுவாகத்தான் அடங்கும். சேர்ந்த அமிலம், ஏறிய உடற்சூடு, இரத்தத்தில் ஓடும் அட்ரினலின் எல்லாம் வடிய நேரம் வேண்டும்.

மஞ்சள் மண்டி | திங்கள், இரவு 9:05

மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஏறினால் இளைக்காது என்று யோகா வகுப்பில் சொன்னார்கள். உண்மையா ஐயா? வருஷா வருஷம் வெள்ளியங்கிரி போகிறேன், ஏழாவது மலையில் மட்டும் ரொம்ப வாங்குது.

பிசியோ திருச்செங்கோடு | திங்கள், இரவு 9:40

மூக்கின் வழி குறுகலானது. நிமிடத்துக்கு 35, 40 லிட்டர் வரை பெரும்பாலானவர்களுக்கு அது தாங்கும், அதன் பிறகு வாய் தானாகவே திறக்கும். மூக்காலேயே ஏறுவேன் என்று வைத்துக்கொண்டால் வேகம் தானாகவே மிதமாகிவிடும். இளைக்காததற்குக் காரணம் அந்த நிதானம்தான். அந்த அளவில் நல்ல பழக்கம். வாய் திறந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம்.

வெள்ளியங்கிரி உச்சி கிட்டத்தட்ட 6,000 அடி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதம்தான். ஆக்சிமீட்டர் 94, 95 காட்டினாலும் அதிசயமில்லை. கழுத்தில் இருக்கிற அந்த அரிசி அளவு உறுப்புக்கு அங்கே கொஞ்சம் வேலை வந்துவிடும். ராத்திரி முழுக்க ஏறிய அலுப்பும் சேர்கிறது. மூங்கில் தடி ஊன்றி நின்று நின்று போகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

பீளமேடு 1978 | செவ்வாய், காலை 8:30

எல்லாரும் எழுதுவதைப் படித்தேன். நான் பஞ்சு மில்லில் 27 வருஷம், பெரும்பகுதி பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சைக் கட்டிப் பிடிக்கும், வியாழன் வெள்ளியில் சரியாகிவிடும். அப்போது யாரும் அதற்கு ஒரு பெயர் சொல்லவில்லை. இப்போது வயது 66. இரண்டு மாடி ஏறினால் இளைப்பு, விசில் மாதிரி சத்தம். என் பேரனின் ஆக்சிமீட்டரில் 95. நீங்கள் சொல்கிற கணக்குப்படி எனக்கும் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய வாத்தியார் | செவ்வாய், காலை 9:15

வேண்டாமுங்க, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் பஞ்சுத் தூசியால் வரும் நோயின் தெளிவான அடையாளம். அதற்கு பிசினோசிஸ் என்று பெயர். வருஷக்கணக்கில் போனால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிவிடும்.

சுருங்கிய குழாயில் இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். வேகமாக மூச்சு வாங்கும்போது முழுதாக வெளியேற நேரமில்லாமல் காற்று உள்ளேயே தங்கித் தங்கி நெஞ்சு உப்பிக்கொள்ளும். அதனால்தான் மாடிப்படியில் திணறுகிறீர்கள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளியே விட்டால் சற்று இலகுவாக இருக்கும், அதைச் செய்துகொண்டே இருங்கள். ஆனால் நெஞ்சு டாக்டரிடம் போய் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதிப் பார்க்கிற டெஸ்ட், எடுத்தே ஆக வேண்டும். மில்லில் கார்டிங்கில் இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

வடவள்ளிக்காரருக்கும் ஒன்று, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆக்சிமீட்டர் காட்டுவது சதவீதம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது மட்டும். ஹீமோகுளோபினே பாதியாக இருந்தாலும் 98 காட்டும். லாரி எல்லாம் நிறைந்துதான் போகிறது, லாரிதான் குறைவு. அப்படிப்பட்டவருக்குக் காலில் அமிலம் சீக்கிரம் தேங்கும், சமதரையிலேயே மூச்சு வாங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கும் மிஷின் நல்ல எண்ணையே காட்டலாம். அங்கே நுரையீரலில் நீர் கோத்து, அங்குள்ள நரம்பு முனைகள் தூண்டப்பட்டுத் திணறல் வரும். ஜே உணர்வேற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். கண்டுபிடித்தவர் நம் நாட்டு உடலியங்கியலாளர் பெயிண்டல். வகுப்பில் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அம்மாவுக்கு எங்கே, எப்போது வாங்குகிறது? படியிலா, வாசல் கூட்டும்போதா? முன்னைவிட இந்த வருஷம் கூடியிருக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா? இதையெல்லாம் கேளுங்கள்.

வடவள்ளிக்காரன் | செவ்வாய், இரவு 7:50

கேட்டேனுங்க. வாசல் கூட்டி, கோலம் போட்டு நிமிர்ந்தாலே வாங்குகிறதாம். தீபாவளிக்கு முன்னால் அப்படி இல்லையாம். நான் இதுவரை கேட்டதே இல்லை. நாளைக்கு லீவு போட்டுவிட்டேன்.

வடவள்ளிக்காரன் | சனி, மாலை 6:20

எல்லாருக்கும் சேதி சொல்லிவிடுகிறேன். இசிஜியும் எக்கோவும் நன்றாக இருக்கின்றன. ஹீமோகுளோபின் 7.9. ஆக்சிமீட்டரில் 98-தான் காட்டியது! எதனால் குறைந்தது என்று பார்க்க இன்னும் சில டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியாகிவிட்டது. படியேற்றத்தை இந்தத் தைப்பூசத்துக்கு வேண்டாம் என்றும், எண் ஏறிய பிறகு பேசலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அடுத்த தைக்கு நிச்சயம் கூட்டிப் போறேன், நாலு மண்டபத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து போலாம்" என்றேன். "எல்லா மண்டபத்துலயும் உக்காருவேன், அவசரப்படுத்தக் கூடாது" என்றார். சரியென்று ஒத்துக்கொண்டேன்.

இன்று காலையில் நான் மட்டும் மருதமலை போனேன். பழைய வாத்தியார் சொன்னபடி, உட்கார்ந்த மறுநொடி மூச்சு ஒரு படி இறங்குகிறதா என்று கவனித்தேன். இறங்குகிறது. இன்னொன்றும் பட்டது ஐயா. முதல் படியில் காலை வைப்பதற்கு முன்னால், அடிவாரத்தில் நின்று மேலே பார்க்கும்போதே மூச்சு கொஞ்சம் ஆழமாகிவிட்டது. அதுவும் அந்தக் காப்பிதானா?

பழைய வாத்தியார் | சனி, இரவு 8:05

அதேதான். உத்தரவு கிளம்புவதற்கு முன்பே ஆயத்தம். அம்மாவின் மற்ற டெஸ்ட் முடிவுகள் வந்ததும் இங்கே எழுதுங்கள். பீளமேட்டு ஐயா, நீங்கள் ஊதிப் பார்த்தீர்களா?

பீளமேடு 1978 | சனி, இரவு 9:30

புதன்கிழமைக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேனுங்க. பேரன் கூட வருகிறான்.